பத்திரிகைக்குப் பூட்டு, வதந்திக்குத் திறந்த கதவு

"யார் வந்தாலும் இப்படித்தான்" என்ற பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். தேர்தல் வருகிறது, வாக்குறுதிகள் வருகின்றன, ஆட்சி மாறுகிறது, பழைய கதையே தொடர்கிறது. பத்திரிகையைப் புரட்டிய தந்தை, "இதில் எது உண்மையோ!" என்று சொல்லி அதை மடித்து வைக்கிறார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சலிப்பு வெறும் சோம்பலன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதியை இங்கே படிப்போம்.

லேக்ஹவுஸ் தரும் பாடம்

1918இல் டி. ஆர். விஜேவர்தன தொடங்கிய லேக்ஹவுஸ் நிறுவனம் மூன்று மொழிகளிலும் பத்திரிகைகளை வெளியிட்டு, நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிலையமாக வளர்ந்தது. தமிழில் 1932 முதல் 'தினகரன்' வந்தது. ஒரு குடும்பத்தின் கையில் இத்தனை பலம் இருக்கலாமா, ஒரு கட்சியின் பக்கமே சாய்ந்து எழுதலாமா என்று கேட்டோர் பலர். அக்கேள்விகளில் நியாயம் இல்லாமலில்லை.

1964இல் அந்நிறுவனத்தை அரசின் கீழ்க் கொண்டுவர முயற்சி நடந்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பினிடையே, டிசம்பர் 3ஆம் நாள் ஒரேயொரு வாக்கினால் அரசு பாராளுமன்றத்தில் தோல்வி கண்டது. 1970இல் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐ வென்று ஆட்சிக்கு வந்தது. 1973இல் இரு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று பத்திரிகைப் பேரவைச் சட்டம். அமைச்சரவைக் கூட்டத்தில் நடந்ததை அனுமதியின்றி வெளியிடுவதை அது குற்றமாக்கியது. மற்றையது லேக்ஹவுஸின் பங்குகளில் 75 சதவீதத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்த சட்டம். பங்குகளைப் பரவலாக மக்களிடம் சேர்ப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது.

"பணக்காரரின் பங்குகள் போனால் நமக்கென்ன?" என்று அன்று எண்ணியவர்களும் இருந்திருப்பர். ஆனால் அடுத்த ஆண்டே, 1974 ஏப்ரலில், அவசரகால விதிகளின் கீழ் இன்னொரு நிறுவனத்தின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. 'தவச', 'சன்' ஆகியவற்றோடு தமிழ் மக்கள் விரும்பிப் படித்த 'தினபதி'யும் 'சிந்தாமணி'யும் நின்றுபோயின. 1977இலேயே அவை மீண்டும் வெளிவர முடிந்தது.

அந்த ஆண்டு யூலையில் ஆட்சி மாறியது. லேக்ஹவுஸ் சட்டத்தை முழுமூச்சாய் எதிர்த்த கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. இனிப் பத்திரிகை விடுதலை பெறும் என்று நம்பியோர் ஏமாந்தனர். லேக்ஹவுஸ் அரசின் கையிலேயே இருந்தது. அதற்குப் பின் வந்த எந்த அரசும் அதனைக் கைவிடவில்லை.

இங்கேதான் நாம் கற்க வேண்டிய முதற் பாடம். ஓர் அரசு செய்துவைத்த பூட்டை அடுத்த அரசு உடைப்பதில்லை, சாவியை வாங்கிக்கொள்கிறது. நமக்குப் பிடிக்காத பத்திரிகையின் வாயை அடைக்கும்போது நாம் பேசாதிருந்தால், நமக்குப் பிடித்ததன் வாயை அடைக்கும்போது பேச நமக்கு ஏது உரிமை?

வதந்தி ஆண்ட நாட்கள்

செய்திக்கு வழி அடைபட்டால் மக்கள் செய்தியின்றி இருந்துவிடுவதில்லை. வதந்தியைப் பற்றிக்கொள்கிறார்கள். இது வெறும் உபதேசமன்று. இரத்தத்தால் எழுதப்பட்ட அனுபவம்.

1981 யூன் 1இல் யாழ் பொது நூலகம் எரிந்த அந்த வன்செயலில், 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' பத்திரிகையின் காரியாலயமும் எரிக்கப்பட்டது. 1983 யூலைத் தொடக்கத்தில் 'சற்றடே றிவியூ'வும் 'சுதந்திர'னும் முத்திரையிடப்பட்டன. வடக்கில் நடப்பதைத் தெற்கிலுள்ளோர் அறிய இருந்த சாளரங்களுள் ஒன்று இவ்விதம் மூடப்பட்டது. அம்மாத இறுதியில் தமிழர் மீது வன்செயல் வெடித்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. சற்றுத் தணிவு தெரிந்த வேளையில், யூலை 29 வெள்ளிக்கிழமை, கொழும்பிற்குள் புலிகள் வந்துவிட்டார்கள் என்றொரு வதந்தி பரவியது. அது பொய். ஆயினும் அப்பொய்யினால் கொலைகள் மீண்டும் தொடங்கின.

தணிக்கை நாட்டின் அமைதியைக் காக்கும் என்பார்கள். போர்க்காலத்தில் படைகளின் நகர்வு போன்ற சில விடயங்களை மறைக்க வேண்டிவரலாம் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக உண்மையை மறைத்த அரசு, அவசர வேளையில் உண்மையையே சொன்னாலும் நம்புவார் யார்? தணிக்கை கெடுப்பது ஒரு நாட் செய்தியை மட்டுமன்று, நம்பிக்கையையே கெடுத்துவிடுகிறது. "யார் வந்தாலும் இப்படித்தான்" என்ற சலிப்பு அந்தக் கேட்டில் முளைத்ததே.

திருச்சபை சொல்வது

பொதுக் காரியங்களைப் பற்றிய உண்மையான செய்தியைப் பெறுவது மனிதனின் உரிமை என்று பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1963இல் தமது சமாதானச் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையில் இவ்வுரிமையை ஏற்றது. செய்தி உண்மையாகவும், நீதிக்கும் அன்புக்கும் அமைந்ததாகவும் இருக்கவேண்டும் என்றும் கேட்டது. ஆகவே உரிமை வாசகனுக்கு, கடமை எழுதுவோனுக்கு. அரசின் பூட்டைக் கண்டிக்கும் நாம், பொய்யை அச்சிடும் பேனாவையும் கண்டிக்கக் கடமைப்பட்டவர்கள்.

நாம் செய்யக்கூடியது

சலித்து ஒதுங்குவது பூட்டுப் போடுவோருக்கே உதவி. 2015இல் அரசியலமைப்பில் தகவல் அறியும் உரிமை சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊர் வீதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே, பாடசாலைக் கட்டடம் ஏன் நின்றுவிட்டது என்று எந்தப் பிரசையும் அவ்வலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். காரணம் சொல்லிக் கேட்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. சிறிய கருவிதான், ஆனால் துருப்பிடிக்க விட்டால் அதுவும் இல்லாமற் போகும்.

இன்று வதந்தி கைத்தொலைபேசியில் வருகிறது. 1983இல் அது வாய்க்கு வாய் நடந்தது, இப்போது பறக்கிறது. இன்னாரிடமிருந்து வந்தது என்று அறியாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு கணம் நிற்பதும் பத்திரிகைச் சுதந்திரத்திற்கு நாம் செய்யும் தொண்டே.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமக்குப் பிடிக்காத பத்திரிகை ஒன்று மூடப்பட்டால் நாம் மகிழ்வோமா, வருந்துவோமா? ஏன்?

2. சென்ற வாரம் நாம் கேட்டு, நம்பி, பிறருக்குச் சொன்ன செய்திகளில் எத்தனையை விசாரித்து அறிந்தோம்?

3. நம் ஊரில் விடை தெரியாத ஒரு பொதுக் காரியம் எது? அதை எழுத்தில் கேட்க நம் வீட்டில் யார் முன்வருவார்?