உருசிய மொழியில் புதுச்சொல் பிறக்கும் முறை

ஒரு மொழிக்குப் புதுச்சொல் தருவோர் யாவர்? அறிஞரா, அரசா, அன்றி அன்றாடம் அம்மொழியைப் பேசும் மக்களா? இவ்வினாவிற்கு விடை காண உருசிய மொழியின் சொல்லாக்க வரலாறு பெரிதும் துணைபுரிகிறது.

ஒட்டுகளால் அமைதல்

உருசியச் சொல்லாக்கத்தின் முதற்கருவி ஒட்டாகும். 'பிசாத்' என்பது எழுதுதல். அதன்முன் 'பெரெ' சேரின் 'பெரெபிசாத்', திரும்ப எழுதுதல். 'கீழ்' எனப் பொருள்படும் 'பொத்' சேரின் 'பொத்பிசாத்', கையொப்பமிடுதல். 'தெல்' என்னும் பின்னொட்டுப் பெறின் 'பிசாத்தெல்', அதாவது எழுத்தாளர். தமிழ் பெரிதும் பின்னொட்டுகளால் வளர, உருசியமோ சொல்லின் இருமருங்கும் வளர்கிறது. அயற்சொல்லும் இந்நெறிக்கு உட்படும். இணையத்தோடு வந்த 'கூகுள்' என்னும் பெயர் 'கூக்லித்' என வினையாகி, முன்னொட்டும் ஏற்று 'ஸாகூக்லித்' என வழங்குகிறது.

தொகையும் குறுக்கமும்

வேர்களை இணைத்தல் அடுத்த முறை. 'தானே பறப்பது' என்னும் பொருளுடைய 'சமலியோத்' ஒரு தொகைச்சொல். நாட்டுப்புறக் கதைகளில் பறக்கும் கம்பளத்திற்கு அடையாக நின்ற இச்சொல், பின்னர் வானூர்தியைக் குறித்து, 'அயெரோப்ளான்' என்னும் அயற்சொல்லைப் பெரிதும் விலக்கியது.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் குறுக்கச் சொற்கள் பெருகின. கூட்டுப்பண்ணையைக் குறித்த நெடுந்தொடர் 'கல்ஹோஸ்' எனச் சுருங்கிற்று. அக்குறுக்கமே புதிய அடிச்சொல்லாகி, அப்பண்ணை உழவரைக் குறிக்கும் 'கல்ஹோஸ்நிக்' என்பதனையும் ஈன்றது.

நிலைத்தவையும் நிலையாதவையும்

ஆக்கிய சொல்லெல்லாம் நிலைப்பதில்லை. மழைக்காலணியைக் குறிக்கும் 'கலோஷி' என்னும் அயற்சொல்லுக்கு மாற்றாக, 'ஈரத்தில் மிதிப்பன' எனப் பொருள்படும் 'மொக்ரஸ்தூப்பி' 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அது நகைச்சுவைக்குப் பயன்பட்டதேயன்றி வழக்கேறவில்லை. ஏறத்தாழ 2,00,000 சொற்களைத் தொகுத்து 1863 முதல் 1866 வரை அகராதி வெளியிட்ட விளதீமிர் தால், வளிமண்டலத்திற்கு வழங்க விரும்பிய 'மிரகோலித்சா'வும் அவ்வாறே மறைந்தது.

மாறாக, 'ஸ்துஷெவாத்சா' என்னும் வினை இன்றும் வாழ்கிறது. ஓசையின்றி மெல்ல மறைதல் என்பது அதன் பொருள். இதனை அச்சில் முதன்முதல் வழங்கியவர் தாமே எனத் தஸ்தயேவ்ஸ்கி 1877இல் பெருமிதத்துடன் எழுதினார். 1846ஆம் ஆண்டுக் குறுநாவலில் அது இடம்பெற்றது. ஆயினும், அச்சொல் தாம் பயின்ற பொறியியற் பள்ளி வகுப்பிலே பிறந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. வரைபடத்தில் மையின் கருமையைப் படிப்படியாக மங்கச் செய்து வெண்மையில் கரைக்கும் பயிற்சியே மாணவர்தம் நாவில் அச்சொல்லாக மலர்ந்தது.

முடிவுரை

பேரறிஞர் ஒருவர் முனைந்து ஆக்கிய சொல் மறைய, பெயரறியா மாணவர் விளையாட்டாய் ஆக்கிய சொல் நிலைத்தது. மொழியின் இயல்பிற்கு இயைந்து, மக்களின் தேவையையும் நிறைவு செய்யும் சொல்லே வாழும். அகராதி சொற்களைப் பதிவு செய்யும். அவற்றிற்கு உயிர் தருவது வழங்குவோர் நாவே. எனவே, வகுப்பறையில் நாம் இன்று வழங்கும் சொல்லையும் எளிதெனக் கொள்ளலாகாது.