செம்மரமும் நம் அண்டை வீடுகளும்



2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை அம்மாநிலக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் 12 பேர் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். படவேடு, கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமங்களையும் ஜவ்வாது மலையையும் சேர்ந்தவர்கள். நம் சந்தவாசல் கடைத்தெருவுக்கு அன்றாடம் வந்து போகிற ஊர்க்காரர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்தில் வந்தவர்களை இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள்.

அதன் பிறகாவது போவது நின்றதா? இல்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 5 பேரின் உடல்கள் மிதந்தன. சாவு நிச்சயம் என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறோம்: பேராசை. நம் அறக்கட்டளையும் ஒரு முறை அப்படி நினைத்துத்தான், "செம்மரம் வெட்டப் போகாதீர்" என்று துண்டறிக்கை அடித்து விநியோகித்தது. அதனால் ஒருவராவது நின்றாரா என்று நாம் விசாரிக்கவே இல்லை. அந்தத் தவறிலிருந்து கற்ற பாடமே இக்கட்டுரை. ஒரு சமூகச் சிக்கலை முறையாக ஆராய்ந்து, அதற்கேற்ற உதவியைத் திட்டமிடுவது எப்படி என்பதைச் சமூக உளவியல் கற்றுத் தருகிறது. ஆபிரகாம் பூங்க், மார்க் வான் வுக்ட் என்ற இரு அறிஞர்கள் 2008ல் வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு படிகளைச் சொல்கிறார்கள். அந்தப் படிகளை நம் ஊர்ச் சிக்கலில் வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: சிக்கல் எது, யாருக்கு?

"செம்மரக் கடத்தல்" என்பது வனத்துறையின் சிக்கல். செம்மரம் இயற்கையாக வளர்வது சேஷாசலமும் அதை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளும் மட்டுமே. அதைக் காப்பது அவர்கள் கடமை. அந்தக் கடமையைச் செய்யப் போய் 2013 டிசம்பரில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கக் கூடாது. ஆனால் நம் முன்னால் இருக்கும் சிக்கல் வேறு. நம் பக்கத்து ஊர் ஏழைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு கூலிக்கு மரம் வெட்டப் போய்ச் சாகிறார்கள், அல்லது சிறையில் அடைபடுகிறார்கள். அந்த அதிகாரிகள் கொலை வழக்கில் பிடிபட்ட நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பிறகே 2016ல் விடுதலையானார்கள். அந்த இரண்டு ஆண்டுகள் அவர்கள் வீட்டில் உலை எப்படிக் கொதித்திருக்கும்? சிக்கலை இப்படிச் சொன்னால்தான் நமக்கு அதில் வேலை இருக்கிறது என்பது விளங்கும்.

இரண்டாம் படி: காரணங்களைப் பிரித்தல்

காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் வைத்தியர் ஒரே மாத்திரை தருவதில்லை. மலையில் சாமை மானாவாரிப் பயிர். அறுவடை முடிந்தால் பல மாதங்களுக்கு வேலை இல்லை. குடகுக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் போகிறவர்கள் உண்டு. வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரி, பழைய கடன் என்று நெருக்கடி வரும்போதுதான் தரகர் வருகிறார். அவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர், தெரிந்த முகம். ஒரு நாள் கூலியைப் போலப் பல மடங்கு பேசுகிறார். முன்பணத்தைக் கையில் வைக்கிறார். வாங்கிய பிறகு "வரமாட்டேன்" என்று சொல்ல முடிவதில்லை.

இன்னொன்று, போய்த் திரும்பியவன் வாங்கிய புது மோட்டார் சைக்கிள் ஊர் முழுக்கத் தெரிகிறது. சிறையில் இருப்பவனின் மனைவி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. ஆகவே லாபம் கண்ணில் படுகிறது, நட்டம் மறைந்து கிடக்கிறது. "எல்லோரும்தான் போகிறார்கள்" என்ற எண்ணம் இப்படித்தான் உருவாகிறது.

மூன்றாம் படி: கை எட்டும் காரணம் எது?

வெளிநாட்டில் செம்மரத்துக்கு இருக்கும் விலையை நாம் குறைக்க முடியாது. மழையை நாம் வரவழைக்க முடியாது. ஆனால் முன்பணத்தின் பிடி, மறைந்து கிடக்கும் நட்டம், "எல்லோரும் போகிறார்கள்" என்ற எண்ணம் ஆகிய மூன்றும் நம் கைக்கு எட்டக்கூடியவை.

எட்டியதைத் தவறாகத் தொட்டாலும் கேடுதான். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன பழங்கால மரங்கள் உள்ள ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப் போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் அறிஞர் அங்கே அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு, இரண்டு வகை அறிவிப்புப் பலகைகளை வைத்துப் பார்த்தார். "எடுக்காதீர்கள்" என்ற பொருளில் எழுதிய பலகை இருந்தபோது களவு போனவை 2 சதவீதத்துக்கும் குறைவு. "பலரும் எடுத்துப் போனதால் பூங்கா கெடுகிறது" என்ற பொருளில் எழுதியபோது ஏறக்குறைய 8 சதவீதம். கண்டிப்பதற்காகச் சொன்ன சொல்லே, "பலரும் செய்கிறார்கள்" என்ற செய்தியைப் பரப்பிவிட்டது. நம் துண்டறிக்கையும் "நம் பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள்" என்றுதான் தொடங்கியது! போகாமல் இருப்பவர்களே அதிகம் என்ற உண்மையை அதில் நாம் எழுதவில்லை.

அறிவுரை போதாது என்பதற்கு இன்னொரு சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றையும் சமைக்கும்படி குடும்பப் பெண்களைத் தூண்ட வேண்டியிருந்தது. கர்ட் லெவின் என்ற அறிஞர் சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு ஏற்பாடு செய்தார். வேறு சில குழுக்களை உட்கார்ந்து பேசித் தாங்களே முடிவெடுக்க வைத்தார். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்தார்கள். கூடிப் பேசியவர்களில் 32 சதவீதம் பேர் சமைத்தார்கள். வெறுமனே கேட்டதைவிட, பலர் முன் தானே சொன்ன முடிவு மனிதனைக் கட்டுகிறது.

நான்காம் படி: உதவியும் கணக்கும்

இதன்படி நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படும் யோசனைகள் இவை:

1. வேலையில்லாத மாதங்களில், தரகரின் முன்பணத்துக்கு மாற்றாக, வட்டியில்லாத சிறு கடன். ஜகாத் யாருக்கு உரியது என்பதை மார்க்கம் வரையறுத்திருக்கிறது. ஸதகாவுக்கு அந்த வரையறை இல்லை. எனவே இது பைத்துல்மாலின் ஸதகா கணக்கிலிருந்து.

2. மேடைப் பேச்சு வேண்டாம். பத்துப் பதினைந்து பெண்கள் கூடிப் பேசும் அமர்வுகள் போதும். மகனோ கணவனோ போவதும் நிற்பதும் பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் முடிவாகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தார் விரும்பினால் தங்கள் கதையைத் தாங்களே சொல்லட்டும்.

3. சிறையில் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு வழி காட்டுதல். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்போருக்கும் பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். இது தெரியாமல் கடன் வாங்கி வக்கீல் வைப்பவர்கள் ஏராளம்.

4. முதலில் ஒரே ஒரு கிராமம். தொடங்கும்போது ஒரு கணக்கு, ஓராண்டு கழித்து ஒரு கணக்கு. பயன் இல்லை என்றால் ஒளிக்காமல் இந்த மடலிலேயே எழுதி, வழியை மாற்றுவோம்.

"அவர்கள் நம் ஜமாஅத்தார் இல்லையே" என்று சிலர் கேட்கக்கூடும். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறாற உண்பதைக் கண்டித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அண்டை வீட்டார் என்ன மதம் என்று பார்த்துத் தருவது அல்ல அந்த உரிமை.

கடைசியாக ஒன்றைக் கசந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆட்களை ஏற்றிப்போக வண்டி வேண்டும், முன்பணத்துக்கு முதலீடு வேண்டும். "எதற்கு?" என்று கேட்காமல் இரண்டையும் கொடுப்பவர்கள் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. நம்மில் ஒருவரும் இல்லை என்று நாம் விசாரித்துப் பார்த்தோமா? பிறருடைய நோயை ஆராய்வதற்கு முன் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கணக்கைத் தனிமையில் ஒரு முறை புரட்டிப் பார்ப்போம். ஹலாலான சம்பாத்தியத்தின் பரக்கத் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

யோசனைகளில் குறை இருந்தால் சொல்லுங்கள். மலையூர்களோடு வியாபாரத் தொடர்பு உள்ள சகோதரர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரியும், அவர்கள் அவசியம் கூட்டத்துக்கு வர வேண்டும். இன்ஷா அல்லாஹ், பேசி முடிவெடுப்போம். நம் கையால் ஒரு குடும்பத்தின் ஆண் மகனாவது உயிரோடு வீட்டில் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்