அச்சமும் உடலும்

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வருமுன் நம்மிற் பலர்க்கு நெஞ்சு படபடக்கும், நா வறளும், உள்ளங்கை வியர்க்கும். இதனைக் கோழைமையென்று எண்ணி நாணுவாரும் உளர். அங்ஙனம் நாணுதல் தகுமோவென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உள்ளத்துணர்ச்சி உடலிற் புலப்படுதலை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியம் அதனை எண்வகையாக வகுத்து, அதற்கென ஓர் இயலும் அமைத்துள்ளது. புறத்தே தோன்றும் மெய்ப்பாட்டுக்கு அகத்தே நிகழ்வது யாதெனச் சோதனையால் விளக்கியவருள் சிறந்தவர், அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் உடலியற் பேராசிரியராயிருந்த வால்ட்டர் கானன் என்பார். அவர் எக்ஸ் கதிர்களின் உதவியாற் பூனையின் இரைப்பையை நோக்கியிருக்குங்கால், அது கலக்கமுற்றவுடன் இரைப்பையின் அசைவு நின்றுவிடுதலையும், அமைதியுற்றபின் மீண்டும் தொடங்குதலையும் கண்டு, 1898-இல் வெளியிட்டார்.

இதன் காரணம் யாது? நம் விருப்பத்தை எதிர்பாராது உள்ளுறுப்புக்களை நடத்தும் நரம்புகள் இரு திறத்தன. அச்சமோ வெகுளியோ எழுந்தவுடன் பரிவு நரம்புகள் கிளர்ந்து, சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகளைத் தூண்டி, அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்திற் கலப்பிக்கின்றன. இதயம் விரைகின்றது, கல்லீரல் சர்க்கரையை வெளியிடுகின்றது, இரத்தம் குடலை விட்டுத் தசைகளை நாடுகின்றது, உமிழ்நீர் குறைகின்றது. பொருதற்கோ ஓடுதற்கோ வேண்டிய ஆயத்தமே இஃது. இடர் நீங்கியபின் மற்றொரு திறத்தனவாகிய துணைப்பரிவு நரம்புகள் இதயத்தைத் தணித்துச் செரிமானத்தைத் தொடங்குவிக்கின்றன.

கானன் 1915-இல் வெளியிட்ட நூலிற் கூறும் செய்தியொன்று மாணாக்கர்க்கு மிக இனிது. முக்கியமானதொரு கால்பந்துப் போட்டியின்பின் 25 வீரரைச் சோதித்ததில், 12 பேரின் சிறுநீரிற் சர்க்கரை காணப்பட்டது. அவருள் ஐவர் களத்தில் இறங்காமலே காத்திருந்த மாற்று வீரர்! ஆடாதவர் உடலும் ஆட்டத்திற்கு ஆயத்தமாயிற்று.

பரீட்சை எழுதும் நாமும் அம்மாற்று வீரரை ஒத்தவரே. ஓட வேண்டாத இடத்தில் உடல் ஓட்டத்திற்கு ஆயத்தமாகின்றது. ஆதலின் நெஞ்சத்துடிப்பு கோழைமையன்று, இடமறியாத உதவியே. இதயத்தை நிறுத்தவோ விரைவிக்கவோ நாம் நேரே ஏவுதல் இயலாது. மூச்சோ தானேயும் இயங்கும். நம் ஏவலுக்கும் அடங்கும். மூச்சை வெளிவிடுங்கால் இதயம் சிறிது தணிந்து துடிப்பது இயல்பு. ஆகவே வினாத்தாளைத் திறக்குமுன் சில முறை மெல்ல நீள மூச்சு விடுவோமாக. அச்சம் முற்றும் அகலாதெனினும், அதனை அடக்கி எழுதுகோலைப் பற்றுதல் நமக்குக் கூடும்.