குறுவையும் தென்னையும்



நம்ம காரைக்கால் விவசாயிக்கு ஒரு ஞானம் உண்டு. குறுவை விதைத்தால் ஏறக்குறைய 4 மாதத்தில் நெல் வீடு வரும். தென்னங்கன்று நட்டாலோ காய் பார்க்க 5, 6 வருஷம் ஆகும். அதற்காக அவர் தென்னை வேண்டாம் என்பதில்லை. தென்னையை நம்பிக் குறுவையை விடுவதுமில்லை. பணத்துக்கும் இதே பாடம்தான்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். 2019-ல் கையிலிருந்த 2 லட்சத்தையும் இடையில் எடுக்க முடியாத 5 வருடப் பத்திரத்தில் போட்டேன். "எல்லாத்தையும் முடக்குறீங்களே, திடீர்னு ஒண்ணுன்னா என்ன பண்றது?" என்றாள் மனைவி. கேட்கவில்லை. எட்டாம் மாதம் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போனது. பத்திரம் தந்த வட்டியைவிட அடகு வட்டி அதிகம். பத்திரத்தின்மேல் குற்றமில்லை, காலம் பார்க்காமல் போட்ட என்மேல்தான் குற்றம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. படகுத்தொழில் செய்யும் ஒரு சகோதரர், "ஐயா, கையில இருந்தாத்தான் அது பணம்" என்பார். நல்ல மீன் பட்ட வருஷங்களிலும் நாளைக்கென்று ஒன்றும் ஒதுக்கவில்லை. இன்று 60 வயதைத் தாண்டியும், முதுகு வளைந்தும், கடலுக்குப் போகிறார்.

ஆகையால் ஒவ்வொரு பணத்தையும் கேளுங்கள்: "நீ எப்போது தேவைப்படுவாய்?"

1. ஒரு வருடத்துக்குள்: பள்ளிக் கட்டணம், வைத்தியம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலச் செலவு. இது சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ இருக்கட்டும். மூன்று மாத வீட்டுச் செலவாவது இங்கே வேண்டும். 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு.

2. ஐந்து வருடத்துக்குள்: கல்யாணம், வீட்டுப் பழுது, படகு இன்ஜின். மாதாமாதம் கட்டும் ஆர்.டி. இதற்கு ஏற்றது.

3. அதற்கும் அப்பால்: முதுமை, சிறுபிள்ளைகளின் மேற்படிப்பு. பி.பி.எஃப். 15 வருடம். 10 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைக்குச் செல்வமகள் திட்டம், முதிர்வு 21 வருடம். பங்குச்சந்தை ஏறும், இறங்கும். பல வருடம் தொட வேண்டாத பணம் மட்டுமே அங்கே போகலாம்.

மூன்றாவதையும் ஒரே இடத்தில் குவிக்காதிருங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் தலைமுறையாய் வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. தோப்பை மட்டுமே நம்பிய வீடுகள் கையில் ஒன்றுமில்லாமல் நின்றன.

யோசேப்பைப் பாருங்கள் (ஆதியாகமம் 41). செழிப்பான ஏழு வருஷத்தில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கப்பட்டது. மற்றதை ஜனங்கள் அன்றைய ஜீவனத்துக்கு வைத்துக்கொண்டார்கள். சேர்த்த தானியத்தையும் அந்தந்த வயல் சூழ்ந்த பட்டணத்திலேயே வைத்தார், பஞ்சம் வந்தால் எட்டும்படி. நாளைக்கென்று இன்றைப் பட்டினி போடவில்லை. இன்றைக்கென்று நாளையை விற்கவுமில்லை.

இந்த வாரம் ஒரு தாளில் மூன்று கோடு கிழித்து, உங்கள் பணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதுங்கள். நான் அன்று அதைச் செய்திருந்தால், அந்த நகை அடகுக்குப் போயிருக்காது.