கேம்பிரிட்ஜில் ஐந்து ஆண்டுகள்: இராமானுஜன் பெற்றதும் இழந்ததும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதவியல் மாணவர் ஒருவர்)

நம் திருப்பூருக்கு அண்டையிலுள்ள ஈரோட்டில், தாயின் பெற்றோர் இல்லத்தில், 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பிறந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி வந்தவர். 1729 என்ற எண்ணையும் வாடகைக் காரையும் பற்றிய கதையைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்டுவிட்டோம். ஆகவே அதனை இங்கு மீண்டும் கூறப் போவதில்லை. கடல் கடந்து சென்று பயின்ற ஒரு தமிழ் மாணவன் என்ற முறையில் அவர் அங்கே எதைக் கற்றார், எப்படி உண்டார், எப்படி உறங்கினார் என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவர் பட்டதாரியாகக் கப்பல் ஏறியவர் அல்லர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றவற்றில் கருத்துச் செல்லாமையால் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகையும் போயிற்று. பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கிருந்தபடியே 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ஹார்டிக்குத் தாம் கண்ட முடிவுகளை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஹார்டி அவற்றைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, அடுத்த மாதமே மறுமொழி எழுதினார். அம்மறுமொழியில் பாராட்டைவிட அழுத்தமாக அமைந்தது ஒரு கேள்வியே: நிரூபணங்கள் எங்கே?

சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாதம் 75 ரூபாயும், பின்னர் இங்கிலாந்தில் தங்க ஆண்டுக்கு 250 பவுனும் வழங்கியது. அந்நாளில் ஒரு பவுன் 15 ரூபாய். அதாவது, எழுத்தராக ஆண்டுக்கு 360 ரூபாய் பெற்றவருக்கு 3,750 ரூபாய்! தேர்வில் தவறிய ஒருவருக்கு ஒரு பல்கலைக்கழகம் இவ்வளவு தொகையை ஒதுக்கியது எண்ணி வியக்கத் தக்கது. விதியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தவர்கள் சிலர் அன்று அங்கே இருந்தனர் என்பதே காரணம்.

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். கடல் கடப்பது குலவழக்கத்துக்கு மாறானது என்று கருதப்பட்ட காலம் அது. குடுமியைக் களைந்தார், கால்சட்டையும் கோட்டும் அணிந்தார், இளம் மனைவி ஜானகியைக் கும்பகோணத்தில் விட்டுச் சென்றார். தொடக்கத்தில் சில வாரங்கள், சென்னைக்கு வந்து அவரை இசையச் செய்த நெவில் என்ற கணித அறிஞரின் இல்லத்தில் தங்கினார். பிறகு டிரினிட்டி கல்லூரியிலேயே அறை கிடைத்தது.

இனி அவர் கற்றது என்ன என்று காண்போம். இராமானுஜன் ஊரிலிருந்தபோது பெரிதும் பயின்றது கார் என்பவர் தொகுத்த ஒரு நூல். ஆயிரக்கணக்கான கணித முடிவுகளின் அட்டவணை போன்றது அது. நிரூபணங்கள் குறிப்பளவே இருக்கும். கணிதம் என்றால் முடிவுகளை எழுதிச் செல்வது என்ற வழக்கம் அவருக்கு இதனால் படிந்தது. அவருடைய முடிவுகளிற் பெரும்பாலானவை சரியே. ஆனால் பகா எண்களைப் பற்றி அவர் எழுதியது தவறு. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு அவர் கூறிய வாய்பாடு சிறிய எண்களுக்கு மிக நெருக்கமான விடை தந்தது; அவர் எண்ணிய அளவுக்கு எங்கும் அது பொருந்தவில்லை.

இதே பொருளில் லிட்டில்வுட் 1914இல் ஓர் அரிய உண்மையை நிறுவினார். பகா எண்களின் எண்ணிக்கைக்குக் காஸ் காலத்திலிருந்து வழங்கி வந்த தோராய மதிப்பு, கணக்கிட்டுப் பார்த்த இடமெல்லாம் உண்மை எண்ணிக்கையைவிடச் சற்றே மிகுதியாக இருந்தது. எப்போதும் அவ்வாறே இருக்கும் என்றே எவரும் நம்புவர். அந்நிலை எண்ணற்ற முறை தலைகீழாக மாறும் என்று லிட்டில்வுட் மெய்ப்பித்தார். பத்து இலட்சம் எண்களுக்குச் சரிபார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ? பாடநூலின் பின்பக்க விடையோடு நம் விடை ஒத்துப்போனால் போதும் என்று நாம் கருதுகிறோமே, அங்கேதான் இராமானுஜனும் நின்றிருந்தார். அந்த இடத்திலிருந்து அவரை ஒருபடி நகர்த்தியது கேம்பிரிட்ஜ்.

அவரை எவ்வாறு கற்பிப்பது என்பது ஹார்டிக்கும் பெரும் சிக்கலாக இருந்தது. முறையான பாடங்களில் உட்கார வைத்தால் இயல்பான ஊற்று வறண்டுவிடுமோ என்ற அச்சம். கற்பிக்காமல் விட்டால் தவறான முடிவுகளையே தொடர்வாரோ என்ற கவலை. முடிவில் இருவரும் ஒன்றாக அமர்ந்து பணி செய்வதே வழியாயிற்று. தாம் அவருக்குக் கற்பித்ததைவிட அவரிடமிருந்து தாம் கற்றதே மிகுதி என்று ஹார்டி பின்னர்க் குறிப்பிட்டுள்ளார்.

இதன் விளைவாக 1915இல் வெளிவந்தது 'உயர் பகு எண்கள்' பற்றிய நீண்ட ஆய்வு. தனக்குக் குறைவான எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். 12ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். 12க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. அடுத்தவை 24, 36, 48, 60. நம் வீரபாண்டிப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் சரக்கை டஜன் கணக்கில் எண்ணுவதன் வசதியும் இதுவே. பத்தை மூன்றாகவோ நான்காகவோ பிரிக்க முடியாது, டஜனைப் பிரிக்கலாம். (கணக்குத் தெரியாமலேயே கணக்கோடு வாழ்கிறோம்!) இந்த ஆய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழியில் பி.ஏ. பட்டம் வழங்கியது.

ஹார்டியுடன் சேர்ந்து செய்த இன்னொரு பெரும்பணி எண் பிரிவினை பற்றியது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10ஐ 42 வகையாகவும், 200ஐ 3,972,999,029,388 வகையாகவும் பிரிக்கலாம். 1918இல் வெளியிட்ட அவர்களுடைய வாய்பாட்டில் எட்டே உறுப்புகளைக் கூட்டினால் 200க்குரிய இவ்விடை 0.004 அளவு வேறுபாட்டில் கிடைத்துவிடுகிறது. இராமானுஜனின் உள்ளுணர்வும் ஹார்டியின் நிரூபண முறையும் ஒன்றுசேராமல் இது கைகூடியிருக்காது.

அறிவுக்கு இவ்வளவு கிடைத்தது. உடலுக்கு?

பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் இராமானுஜனைக் காணச் சென்று, இரவில் குளிர் தாங்குகிறதா என வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்தியும் குளிர்கிறது என்றார் இவர். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை! மேல்விரிப்பின்மீதே உறங்கி வந்திருக்கிறார். இதனைப் படிப்போருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. வீட்டில் முன்னர் எவரும் கல்லூரி வாயிலை மிதித்திராத மாணவர்க்கு இது நன்கு விளங்கும். பாடத்தைக் கேட்க ஆசிரியர் உண்டு. கம்பளியைப் பற்றி யாரிடம் கேட்பது? கேட்டால் நகைப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

உணவு இதனினும் பெரிய துன்பம். மரக்கறி உணவில் உறுதியாக இருந்தவர் அவர். கல்லூரிப் பொதுக் கூடத்தில் உண்ணாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஊருக்கு எழுதும்போது புளியும் தேங்காய் எண்ணெயும் அனுப்பக் கேட்டார். 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. டிரினிட்டியின் ஒரு முற்றம் காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனை ஆயிற்று. லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார். காய்கறியும் பாலும் அரிதாயின. ஆராய்ச்சியில் மூழ்கிய நாட்களில் ஒருவேளைச் சமையலோடு நிறுத்திக்கொள்வார்.

அந்தச் சமையல் அறையில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் கூறலாம். இராமானுஜன் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்தார். ஒரு தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். அவ்வீட்டின் எண் என்ன? கிளறுவதை நிறுத்தாமலே இராமானுஜன் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 288 வீடுகளில் 204ஆம் வீடு என்பது விடை. சரிபாருங்கள்: 1 முதல் 203 வரை கூட்டினால் 20,706, 205 முதல் 288 வரை கூட்டினாலும் 20,706. வியப்பு அதுவன்று. வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால் 8 வீடுகளில் 6, 49 வீடுகளில் 35 என வரும் எல்லா விடைகளையும் அந்த ஒரே தொடர் பின்னம் தந்துவிடுகிறது.

1917இல் நோய் முற்றியது. காசநோய் என்று கருதி, ஒரு நலவிடுதி மாற்றி இன்னொன்றாக வைத்தனர். 1994இல் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது சீதபேதிக் கிருமியால் கல்லீரலில் உண்டான நோயாகவே இருந்திருக்கலாம் என எழுதினார். அது அந்நாளிலேயே தீர்க்கக் கூடியது. கடுங்குளிர், சத்துக் குறைந்த உணவு, தனிமை, வீட்டிலிருந்து கடிதம் வராத ஏக்கம் எல்லாம் சேர்ந்தன. அதே நோய்ப்படுக்கையில் இருந்தபோதுதான், 1918இல், இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது; அக்டோபரில் டிரினிட்டியும் தன் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ஊர் திரும்பும் முன், 1919 ஜனவரி 11ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தமக்கு ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்துத் தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். உதவித்தொகை பறிபோன வேதனையை அறிந்தவர் அல்லவா!

1919 மார்ச்சில் இந்தியா வந்தார். 1920 ஜனவரியில், தாம் 'போலித் தீட்டாச் சார்புகள்' எனப் பெயரிட்ட புதிய சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32 வயதில் காலமானார். அந்த இறுதி ஆண்டில் நிரூபணமின்றி எழுதி வைத்த நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கைமாறி இங்கிலாந்துக்குச் சென்றன. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றை டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கண்டெடுத்தார். அவற்றிலுள்ள முடிவுகளுக்கு நிரூபணம் எழுதி முடிக்க ஆண்ட்ரூஸுக்கும் புரூஸ் பெர்ன்ட்டுக்கும் ஐந்து பெரிய தொகுதிகள் தேவைப்பட்டன. ஐந்தாவது 2018இல் வெளிவந்தது.