முகவரிக்கு ஒரு முகம்

நுழையும்முன்

கடைக்கு வருபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பார். விற்பவரின் முகத்தையும் பார்ப்பார். அதன் பிறகே விலை பேசுவார். இணையதளத்தில் கடை விரித்திருக்கும் சிறுவணிகரிடம் வருபவருக்கு இவ்விரு வாய்ப்புகளும் இல்லை. அந்தக் குறையை ஒரு நிமிடக் காணொலியால் எந்த அளவுக்கு நிறைவு செய்ய இயலும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கொடி அழைத்தது, நேர்மை நிறுத்தியது

தன்னிடம் உள்ள பொருளைப் பிறர் அறியச் செய்வது வணிகத்தின் தொன்மையான கலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தையும் வீதிகளையும் விரித்துரைக்கிறது. அங்கே துறையில் நின்ற கலங்களின் மேலும், கள் விற்கும் மனைகளின் வாயிலிலும் கொடிகள் அசைந்தன. தொலைவில் வருபவருக்கு அங்கு என்ன கிடைக்கும் என்பதைக் கொடி அறிவித்தது. ஆனால், வந்தவரை மீண்டும் வரச் செய்தது கொடியன்று, வணிகரின் நேர்மையே. கொள்வதிலும் கொடுப்பதிலும் பிறரை வஞ்சிக்காத நடுவுநிலையாளர் என்றே அந்நூல் வணிகரைப் போற்றுகிறது. அழைப்பது வேறு, நம்பச் செய்வது வேறு என்னும் இந்த வேறுபாடு இணையதள வணிகத்திற்கும் பொருந்தும்.

உழைப்பைக் காட்டிய முதற்காட்சி

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று லூமியர் உடன்பிறந்தார் பாரிசு நகரில் கட்டணம் பெற்று அசையும் படங்களைத் திரையிட்டனர். அவற்றுள் ஒன்று, லியோன் நகரில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியாகும். அது ஒரு நிமிடத்திற்கும் குறைவானது. அரசரையோ போரையோ அன்றி, வேலை முடித்து வீடு திரும்பும் எளிய மக்களையே அப்படம் காட்டியது. தமிழகத்தில், திருச்சியில் இரயில்வே வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் திரையிடும் கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்துக் காட்டினார்.

அன்று படம் காட்டக் கூடாரமும் கருவியும் வேண்டியிருந்தன. இன்று ஒரு திறன்பேசி போதும். 2018ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைப்பதைப் படம்பிடித்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் பெயரில் யூடியூபில் வெளியிட்டனர். 2021ஆம் ஆண்டில் அதனைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்தது. அவர்கள் காட்டியது ஆடம்பர அரங்கை அன்று. அம்மியில் மசாலா அரைப்பதையும் பெரிய அண்டாவில் சோறு வேகுவதையும் காட்டினர். செய்முறையைத் தொடக்கம் முதல் முடிவுவரை கண்ணால் காண்பதில் மக்களுக்கு உள்ள விருப்பத்தை இவ்வெற்றி உணர்த்துகிறது.

> தெரியுமா?
> யூடியூப் தளத்தில் முதன்முதலாகப் பதிவேற்றப்பட்ட காணொலி 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று வெளியானது. விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று ஒருவர் பேசும் அக்காணொலியின் நீளம் 19 வினாடிகள்.

கொடுங்கையூரில் ஒரு தையற்கூடம்

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கருதிப் பார்ப்போம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. துணிப்பைக்குத் தேவை பெருகியது. வடசென்னையின் கொடுங்கையூரில் ஆறு பெண்கள் சேர்ந்து, வீட்டு மாடியில் நான்கு தையல் இயந்திரங்களுடன் துணிப்பை தைக்கும் கூடம் ஒன்றை நடத்துகின்றனர் என்று கொள்வோம். அவர்களுக்கு ஓர் இணையதளமும் உண்டு. அதில் பைகளின் படங்கள், விலை, தொலைபேசி எண் ஆகியவை உள்ளன.

நகரின் மறுகோடியிலிருந்து துணிக்கடைக்காரர் ஒருவர் அழைக்கிறார். ஆயிரம் பைகள் வேண்டும் என்கிறார். விலை ஒத்துவருகிறது. கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். "கொடுங்கையூர்" என்றதும் சிறிது நேரம் பேச்சில்லை. "குப்பைமேடு இருக்கிற இடந்தானே? யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுகிறார்.

பல பத்தாண்டுகளாக வடசென்னையின் குப்பை கொடுங்கையூரில் கொட்டப்பட்டு வந்தது. குப்பையை உண்டாக்கியது நகரம் முழுவதும். பெயர் மட்டும் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெயரைக் கேட்டவுடன், அங்குத் தைக்கப்படும் பையும் தூய்மையற்றதாகவே இருக்கும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். இனி இணையதளத்தில் ஊர்ப்பெயரை மறைத்துவிட்டு 'சென்னை' என்று மட்டும் எழுதலாமா என்று ஒரு பெண் கேட்கிறார். மறைத்தால், பின்னர் அறியவரும்போது ஐயம் இருமடங்காகும். மறைப்பதற்கு மாறாக, மாடியின் கதவைத் திறந்து காட்டுவதே வழி. அந்தக் கதவாக அமைவதுதான் காணொலி.

எதைக் காட்டுவது?

அக்காணொலியில் இசையும் அலங்காரச் சொற்களும் தேவையில்லை. வாங்குபவரின் மனத்தில் எழும் வினாக்களுக்கு விடை இருந்தால் போதும். இடம் தூய்மையானதா? பெருக்கித் துடைத்த தரையையும் துணி அடுக்கிய அலமாரியையும் காட்டலாம். பை உறுதியானதா? கைப்பிடி பொருந்தும் இடத்தில் சதுரமாகவும் அதன் நடுவே பெருக்கற்குறி போலவும் தையல் விழுவதை அருகிலிருந்து காட்டலாம். பின்னர் ஐந்து கிலோ அரிசியை அந்தப் பையில் இட்டுத் தூக்கிக் காட்டலாம். இதைச் செய்பவர் யார்? இறுதியில் தைப்பவரே முகம் காட்டி, "கொடுங்கையூரில் தைக்கிறோம், நேரில் வந்தும் பார்க்கலாம்" என்று தம் குரலில் சொல்லலாம். 'தரமான தயாரிப்பு' என்று பத்து முறை எழுதுவதைவிட அந்த ஒரு தையற்காட்சி மிகுதியாகச் சொல்லும்.

முகம் காட்டும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே இசைவு பெறுதல் வேண்டும். விரும்பாதவரின் கைகளை மட்டும் காட்டினாலும் வேலை விளங்கும்.

எவ்வாறு வைப்பது?

நல்ல காணொலியும் வைக்கும் முறை தவறினால் பயன் தராது. வருபவரின் பொறுமை சிறிது. அவருடைய தரவும் விலை கொடுத்து வாங்கியது. எனவே பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

முதலாவது, காணொலி தானாக ஒலி எழுப்பித் தொடங்கக் கூடாது. பேருந்திலோ அலுவலகத்திலோ இருப்பவர் திடுக்கிட்டுப் பக்கத்தையே மூடிவிடுவார். இரண்டாவது, முதல் சில வினாடிகளிலேயே பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நிறுவனச் சின்னம் சுழன்றுகொண்டிருத்தல் ஆகாது. மூன்றாவது, பெரிய கோப்பை அப்படியே தளத்தில் ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும். யூடியூப் போன்ற தளத்தில் ஏற்றி, அதனை நம் பக்கத்தில் பொருத்துவது எளிது. நான்காவது, பேச்சுக்கு எழுத்து வடிவம் தருதல் வேண்டும். அது செவித்திறன் குறைந்தோருக்கும் ஒலியின்றிப் பார்ப்போருக்கும் ஒருங்கே உதவும். ஐந்தாவது, காணொலியின் அருகிலேயே விலையும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். பார்த்து முடித்தவர் அடுத்து என்ன செய்வது என்று தேடி அலையக் கூடாது.

வாய்மையே முதல்

காணொலிக்கும் பொய் சொல்லத் தெரியும். மாதிரிக்கு ஒரு பையைத் தடித்த துணியில் தைத்துக் காட்டிவிட்டு, மெல்லிய துணியில் ஆயிரம் பைகளை அனுப்ப இயலும். அதனைத் தடுக்கச் சட்டம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், குற்றம் தொடர்ந்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். சட்டத்தினும் விரைந்து தண்டிப்பவர் ஏமாந்த வாடிக்கையாளர். காணொலியில் கண்டதும் கையில் கிடைத்ததும் வேறுபட்டால், அவர் தையற்கூடத்தை மட்டுமன்றி ஊரையும் சேர்த்தே பழிப்பார்.

ஒரு காணொலியால் ஊரின் மீது படிந்த எண்ணம் முழுவதும் மாறிவிடாது. குப்பைமேட்டின் சுமையை நீக்குவது நகரத்தார் அனைவரின் கடமை. ஆயினும், முகவரியைக் கேட்டுத் தயங்கிய ஒருவர், அங்கே உழைக்கும் கைகளைக் கண்டபின் மறுபடியும் அழைக்கக்கூடும். அவ்வாறு அழைத்தால், அவர் கண்ட அதே பையை அவர் கையில் சேர்ப்பதே அந்தப் பெண்கள் தம் ஊருக்குத் தேடித்தரும் பெயராகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் தெருவில் உள்ள சிறுதொழில் ஒன்றைத் தேர்ந்து, அதன் செய்முறையை ஒரு நிமிடக் காணொலியாக்குவதற்கான காட்சி வரிசையை எழுதுக.
2. 'ஊர்ப்பெயரை மறைப்பது வணிகத்திற்கு நன்மையா, தீமையா?' என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. நீங்கள் கண்ட விளம்பரக் காணொலி ஒன்றில் அழைக்கும் பகுதி எது, நம்பச் செய்யும் பகுதி எது எனப் பிரித்து விளக்குக.