சிலிண்டர் ஏன் வியர்க்கிறது?



ரமலான் வந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களில் லுஹருக்குப் பிறகு நோன்புக் கஞ்சி அடுப்பு எரியத் தொடங்கிவிடும். வலீமா வீடுகளில் பண்டாரிகள் தேக்சா ஏற்றுவார்கள். இரண்டு இடத்திலும் பெரும்பாலும் 19 கிலோ சிலிண்டர்தான். அடுப்பு எரிந்து கொஞ்ச நேரத்தில் அந்தச் சிலிண்டரின் கீழ்ப்பகுதி வியர்க்கும். சில சமயம் வெள்ளையாகப் பனி படியும். தீ மெல்ல இறங்கும். மஃரிப் நெருங்குகிறதே என்ற அவசரத்தில் யாராவது சிலிண்டரைப் படுக்க வைப்பார்கள், அல்லது வெந்நீரை ஊற்றுவார்கள். "வருஷா வருஷம் இப்படித்தானே செய்கிறோம்" என்ற பதிலும் தயாராக இருக்கும். இந்த இரண்டும் ஏன் ஆபத்து என்பதைப் பிள்ளைகளின் பள்ளிப்பாட அறிவியலைக் கொண்டே இந்த இதழில் பார்ப்போம்.

ஒரு சிறு சோதனை

ஊசி கழற்றிய புதிய சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும். கையை எடுத்தால் திரும்பி வரும். இப்போது குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி அதேபோல் அழுத்துங்கள். தண்டு அசையாது.

வாயுவின் துகள்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகி இருப்பவை. அதனால் அவற்றை நெருக்க முடியும். வெப்பநிலை மாறாமல் இருந்தால், வாயுவின் கன அளவைப் பாதியாக்கும்போது அழுத்தம் இரண்டு மடங்காகும். இதை 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்டார். திரவத்தின் துகள்களோ ஏற்கெனவே ஒட்டி நிற்பவை. நெருக்க இடம் இல்லை. நாம் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் பாத்திரத்தின் எல்லாச் சுவர்கள் மீதும் சமமாக இறங்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு சிலிண்டருக்கு வருவோம்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. திறந்த வெளியில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியிலும் கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர் வெயிலில் இரண்டும் வாயுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அழுத்தி அடைத்தால் திரவமாகிவிடும். அதனால்தான் வீட்டுச் சிலிண்டரின் 33 லிட்டர் இடத்துக்குள் 14.2 கிலோ அடங்குகிறது. அத்தனையையும் வாயுவாக வெளியே விட்டால் சுமார் 6,500 லிட்டர் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகும்.

சிலிண்டரைத் திரவத்தால் முழுக்க நிரப்புவதில்லை. ஐந்தில் நான்கு பங்குதான் திரவம். மேலே உள்ள இடத்தில் ஆவி நிற்கும். அடுப்புக்கு வருவது இந்த ஆவிதான். ஆவி வெளியேறியதும் உள்ளே அழுத்தம் சற்றுக் குறையும். உடனே திரவம் கொதித்து அந்தக் குறையை ஈடுசெய்யும். எனவே சிலிண்டரின் அழுத்தம் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்ததல்ல; எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. கடைசி நாள்வரை தீ ஒரே மாதிரி எரிந்துவிட்டுத் திடீரென்று அணைவது இதனால்தான். மிச்சத்தை அறிய எடை போட்டுப் பார்ப்பதே சரி. காலிச் சிலிண்டரின் எடை அதன் மீதே எழுதியிருக்கும்.

வியர்வையும் பனியும்

திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். ஒரு கிலோ கேஸ் ஆவியாவதற்குத் தேவைப்படும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமம். அந்த வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும், இரும்பிலிருந்தும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வீட்டு அடுப்பு இழுக்கும் அளவுக்குக் காற்று ஈடுகொடுத்துவிடும். கஞ்சி அடுப்பு அதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஈடுகொடுக்க முடியாமல் சிலிண்டர் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன் மீது படிகிறது. குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும்; அழுத்தம் இறங்கினால் தீ இறங்கும். சிலிண்டரில் கோளாறு எதுவும் இல்லை. அதன் சக்திக்கு மீறி நாம் இழுக்கிறோம், அவ்வளவுதான்.

படுக்க வைத்தால்?

சிலிண்டரின் வாய் ஆவி இருக்கும் மேல்பகுதியில் அமைக்கப்பட்டது. படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் நுழைந்துவிடும். அது டியூபிலும் அடுப்பிலும் 250 மடங்கு விரிந்தால், தீ ஆள் உயரத்துக்குச் சீறும். ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்யப்பட்டது. திரவத்தை அது கட்டுப்படுத்தாது.

வெந்நீர் ஊற்றினால்?

30 டிகிரியில் இருக்கும் அழுத்தம் 60 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திரவமும் விரிந்து, மேலே விட்டு வைத்த இடத்தைத் தின்னும். நிறைந்த சிலிண்டரை மேலும் சூடாக்கினால் அந்த இடமே இல்லாமல் போகும். அப்போது அது தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சுதான்: நெருங்க இடமில்லாத திரவம் இரும்பை நெட்டித் தள்ளும். சிலிண்டருக்குக் கீழே தீ மூட்டுவது இதைவிடக் கொடியது. எக்காரணம் கொண்டும் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது?

பெரிய அடுப்புக்கு இரண்டு, மூன்று சிலிண்டர்களை ஒரே இணைப்பில் சேர்த்துத் தரும்படி கேஸ் ஏஜென்சியிடம் கேளுங்கள். சுமையைப் பங்கிட்டுக்கொண்டால் எதுவும் அதிகம் குளிராது. ஒரே சிலிண்டர்தான் என்றால் தீயைக் குறைத்து, அரை மணி நேரம் முன்னதாகவே அடுப்பைப் பற்ற வையுங்கள். பனி படிந்ததை மாற்றி நிமிர்த்தி வைத்தால், காற்றிலிருந்தே வெப்பம் எடுத்துத் தானாகச் சரியாகிவிடும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பை விட்டுத் தள்ளி நிற்கட்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். எனவே அவற்றின் அருகில் வைக்க வேண்டாம். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள். தீக்குச்சியால் ஒருபோதும் பார்க்காதீர்கள். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மின்சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணை அழையுங்கள். இந்த எண் எந்நேரமும் இயங்கும்.

கஞ்சி பத்து நிமிடம் தாமதமானால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்துகொள்ளலாம். அடுப்படியில் நிற்பவர்களின் உயிருக்கு ஈடு எதுவும் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகிகள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சமையல்கூடச் சுவரில் ஒட்டி வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.